கயாக்குக்கு ஜிக் ஹெட் தெரிவு செய்தல்

கொழும்புக்குத் தெற்கேயுள்ள கல்கிசைக் கரையிலிருந்து கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டுச் செல்லும் சிறு படகை, இறக்கத் தொடங்கிய முதலாவது பருவத்தில் என்னிடம் ஓர் அட்டவணை இருந்தது. ஐந்து மீட்டர் ஆழமென்றால் இத்தனை கிராம், பத்து மீட்டரென்றால் இத்தனை கிராம் என்று அதிலே எழுதியிருந்தபடி ஜிக் ஹெட்களை, அதாவது ஈயத் தலை வார்த்த தூண்டில் முட்களை, வாங்கி, பெட்டியின் அறைகளில் எடைவாரியாக அடுக்கி, ஒவ்வோர் அறையின் மேலும் ஆழத்தை எழுதி ஒட்டியிருந்தேன். கடலுக்குப் போனபோது அந்த ஒழுங்கு ஒரு நாளும் சரிவரவில்லை. ஏறத்தாழப் பத்து மீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில் ஒரு சனிக்கிழமை 7 கிராம் தலை அடியைத் தொட்டது. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் 14 கிராம் போட்டும் அது தொட்டதா இல்லையா என்பது கைக்குத் தெரியவில்லை. ஆழம் மாறவில்லை. காற்று மாறியிருந்தது, அதனால் கயாக் நகர்ந்த வேகமும் மாறியிருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் சென்றது. புதிதாகக் கயாக்கில் ஏறுகிறவர்கள் அந்தப் பருவத்தையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஜிக் ஹெட் என்பது தூண்டில் முள்ளின் காதுப் பக்கத்தில் ஈயத்தை வார்த்த ஒரு சிறு பொருள். அந்த முள்ளிலே ரப்பர் மீனையோ ரப்பர் இறாலையோ கோத்து வீசுகிறோம். காது மேற்பக்கமாகவும் ஈயத்தின் பாரம் கீழ்ப்பக்கமாகவும் அமைவதால் முள்ளின் நுனி மேல்நோக்கியே நிற்கும். நான் இங்கே சொல்வதெல்லாம் இலகுவான கருவிகளுக்கே பொருந்தும்: 5 முதல் 21 கிராம் வரை வீசக்கூடிய ஏழு அடி ரொட் (தூண்டில் கோல்), 2500 அளவு ரீல் (நூல் சுற்றும் கருவி), பி.ஈ. 1 தடிப்புள்ள பிரெய்ட் (பின்னல்) நூல், அதன் முனையில் 20 இறாத்தல் தாங்கும் ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது முள்ளைக் கட்டும் தனி நூல்துண்டு. ரொட்டிலே எழுதியிருக்கும் எடைக்குள் ரப்பரின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 14 கிராம் தலையில் நான்கு அங்குல ரப்பரைக் கோத்தால் மொத்த எடை 20 கிராமை நெருங்கிவிடும். அதற்கு மேல் போனால் ரொட் வளைந்து எறிவதற்குப் பதிலாகச் சுமக்கத் தொடங்கும்.

இனி அந்தச் சனிக்கிழமைகளுக்கு வருகிறேன். கயாக் ஒரு நொட் வேகத்தில் காற்றோடு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு ஏறத்தாழ அரை மீட்டர். ஜிக் ஹெட்டும் செக்கனுக்கு அரை மீட்டர் வீதம் இறங்குகிறது என்றால், பத்து மீட்டர் ஆழத்தை எட்ட இருபது செக்கன் வேண்டும். அந்த இருபது செக்கனுக்குள் கயாக் பத்து மீட்டர் விலகிவிடும். நேரே கீழே விட்ட தலை அடியை எட்டும்போதே நூல் 45 பாகையில் சாய்ந்து நிற்கும். அதற்குப் பிறகு கயாக் நகரும் ஒவ்வோர் அடியும் தலையை மேலே தூக்கும். கரையில் நிற்பவருக்கும் நங்கூரம் போட்ட வள்ளத்தில் இருப்பவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. நான் வைத்திருந்த அட்டவணை அவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது.

இந்த நிலையில் எவரும் முதலில் செய்வது எடையைக் கூட்டுவதுதான். நானும் அதையே செய்தேன். ஆனால், எடையை இரட்டிப்பாக்கினால் இறங்கும் வேகம் இரட்டிப்பாவதில்லை. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அதே ரப்பரைக் கோத்த 14 கிராம் தலை 7 கிராம் தலையைவிட ஒன்றரை மடங்கு வேகத்தைக்கூட எட்டாது. நூலின் தடிப்பும் தன் பங்கைக் கேட்கும். பி.ஈ. 1 நூலின் விட்டம் ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர், பி.ஈ. 2 நூலினது ஏறத்தாழ 0.235. தடித்த நூலைச் சுற்றிவிட்டு மேலும் ஈயத்தைச் சேர்ப்பவர் தானே உண்டாக்கிய இழுவையோடு மல்லுக்கட்டுகிறார்.

எனக்குப் பலன் தந்த வழி வேறு. கயாக் எந்தத் திசைக்கு நகர்கிறதோ அந்தத் திசைக்கே, அதாவது முன்னே, வீசுவது. இருபது மீட்டர் முன்னே வீசினால், ஒரு நொட் வேகத்தில் நகரும் கயாக் அந்த இடத்துக்கு மேலே வந்துசேர நாற்பது செக்கன் ஆகும். பத்து மீட்டர் இறங்குவதற்குத் தேவையான நேரத்தைப் போல் இரு மடங்கு அது. முன்பு 14 கிராம் போட்டும் தொடாத அடியை இப்போது 7 கிராம் தொட்டுவிட்டுக் காத்திருக்கும். இதற்கொரு விலை உண்டு: கயாக் இரையை நோக்கிப் போவதால் நூல் தளர்ந்துகொண்டே வரும், தளர்ந்த நூலில் மீன் தொடுவது கைக்குத் தெரியாது. ஆகையால் இறங்கும் வேளையில் நூல் தண்ணீரைத் தொடும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இறங்கிக்கொண்டிருக்கும் நூல் உரிய நேரத்துக்கு முன்பே நின்றாலும், பக்கவாட்டில் நழுவினாலும், யோசித்துக்கொண்டிராமல் தளர்வைச் சுற்றி ரொட்டை உயர்த்த வேண்டும். கல்கிசைக்கு நேரே வெளியேயுள்ள பாரில் (கடலடிக் கற்பாறைத் திட்டில்) நான் பிடித்த முதலாவது நல்ல கலவாய் அப்படித்தான் வந்தது. தலை இறங்கும் செக்கன்களைப் பதினாறு வரை எண்ணியிருந்தேன். வழக்கமாக இருபதைத் தாண்டும் இடம். நூல் அசையாமல் நின்றது.

இரையைப் பின்னால் இழுத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லாத அளவுக்குக் காற்று இருந்தால், ஈயத்தைக் கூட்டுவதற்கு முன் கயாக்கின் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரில் குடைபோல விரியும் ஒரு சிறு துணிப் பையைக் கயிற்றில் கட்டி விட்டால் நகர்வு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். அதன் பின்னும் நூல் 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் மாத்திரமே அடுத்த எடைக்குப் போகிறேன்.

எடையைப் பற்றி வெளிநாட்டவர்கள் சொல்வதை நம் கரையில் அப்படியே பின்பற்ற முடியாததற்கும் ஒரு காரணம் உண்டு. வற்றுப்பெருக்கு பல மீட்டர் ஏறி இறங்கும் நாடுகளில் அந்த ஓட்டமே எடையைத் தீர்மானிக்கிறது. கொழும்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இங்கே கணக்கில் எடுக்க வேண்டியவை காற்றும் அலைவீச்சும். மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் களனி கங்கை தள்ளும் தண்ணீரும். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையிலிருந்து கயாக்கில் கடலுக்குப் போவதை நான் முற்றாகத் தவிர்க்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நல்ல காலத்திலோ, அதிகாலையில் தரைக்காற்று கயாக்கை மேற்கே, அதாவது வெளிக்கடலை நோக்கியே, தள்ளும். தள்ளத் தள்ள ஆழம் கூடும். ஒரே நகர்வில் 7 கிராமில் தொடங்கி 10 கிராமுக்கும் 14 கிராமுக்கும் மாற வேண்டி வரும். மீனில் கவனமாக இருக்கும்போது கரை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தெரியாது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். கரையிலுள்ள ஒரு கட்டடத்தை அடையாளமாக வைத்து அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

எடையைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வார்த்தையை என் மாமாதான் சொன்னார். பருத்தித்துறையில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்த அவரிடம் தங்கூசியையும் ஈயத்தையும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. வள்ளத்தில் இருந்தபடியே ஈயக்குண்டைக் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவுவார். சீவிவிட்டுத் தண்ணீரில் விடுவார். சுட்டுவிரலில் தங்கூசியை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு மேலே இழுத்து இன்னும் ஒரு சீவல் எடுப்பார். எதற்காக என்று கேட்டபோது, "ஈயம் அடியைத் தட்டிப்போட்டு எழும்ப வேணும் தம்பி, அதிலை குந்திக்கொண்டு இருக்கப்படாது" என்றார். ஜிக் ஹெட்டுக்கும் அளவுகோல் அதுதான். அடியைத் தொடும் எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதுவே அன்றைய எடை. அதைவிடப் பாரமானது மணலில் புதையும், பாரிலே சிக்கும், ரப்பரின் வாலை அசையவிடாமல் கல்லைப்போல் விழும்.

விழும் வேளையே மீன் கடிக்கும் வேளை என்பதைப் பொல்கொட வாவியில் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். பாணந்துறையில் கடலோடு சேரும் அந்த உவர்நீரில் கண்டல் வேர்களுக்கு அடியில் கொடுவா ஒதுங்கி நிற்கும். சிங்கள நண்பர்கள் அதை மோதா என்பார்கள். ஒரு மாலை, வேர்களுக்கு அருகே 7 கிராம் தலையைத் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது இரண்டு செக்கனுக்குள் சேற்றில் போய் விழுந்தது; எடுக்கும்போது முள்ளின் வளைவில் கறுப்பு இலையொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதே மூன்று அங்குல ரப்பரை 3.5 கிராம் தலையில் மாற்றிக் கோத்து அதே வேருக்கு வீசினேன். வால் மெல்ல மெல்லத் துடித்தபடி இறங்குவது மேலே நின்ற வெளிச்சத்தில் ஒரு முழ ஆழம் வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே நிழல். நிழலுக்குள் போன மறுகணம் நூல் வேரை நோக்கி ஓடியது. ஆழம் மாறவில்லை, இரை மாறவில்லை, இறங்கும் நேரம்தான் கூடியிருக்கும். களப்புகளுக்கு இன்று நான் 3.5, 5 கிராம் தலைகளையே கொண்டுபோகிறேன். பெரும்பகுதி ஆளாழம்கூட இல்லாத நீர்கொழும்புக் களப்பில், கடற்புல்லின் மேலே தவழவிடுவதற்கு 5 கிராமே சில இடங்களில் அதிகம்.

எடைக்கு அடுத்தது முள். என் கருத்தில் இலகு கருவிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடையில் தடித்த கம்பியாலான முள்ளைப் பார்த்தால் உறுதியாகத் தெரியும்; கடல் மீன் என்றால் தடித்த முள் வேண்டும் என்று மனமும் சொல்லும். ஆனால், தடித்த முள்ளை மீனின் வாயில் ஏற்றுவதற்கு விசை வேண்டும். வளையும் ரொட்டால் அந்த விசையைக் கொடுக்க முடியாது. அத்தோடு கயாக்கில் இருப்பவருக்குக் காலை ஊன்ற நிலையான தரை இல்லை. ரொட்டை வெட்டி இழுக்கும்போது கயாக்கும் மீனை நோக்கிச் சற்று நகர்ந்து அந்த இழுப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும். முதலாவது பருவத்தில் ஓடிச் சில செக்கன்களில் கழன்ற மீன்களை எல்லாம் என் கைத்தவறு என்றே நினைத்திருந்தேன். மெல்லிய, கூரான முள்ளுக்கு மாறியபின் பெரும்பாலான மீன்கள் தாமாகவே இழுத்து முள்ளில் ஏறிக்கொண்டன.

மெல்லிய முள்ளுக்கு உள்ள ஆபத்து அது நிமிர்ந்துவிடுவது. ஒருமுறை மலிவாகக் கிடைத்த ஒரு பொதியிலிருந்து எடுத்த தலையில் ஒரு பாரை மீன் பட்டது. இரண்டாவது ஓட்டத்தில் கனம் போய்விட்டது. சுற்றி எடுத்தபோது ரப்பர் முழுதாக இருந்தது, முள்ளோ ஆணியைப்போல நேராக இருந்தது. அன்று முள்ளைக் குறை சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால் நான் டிராக்கை (மீன் இழுத்தால் ரீலிலிருந்து நூலை வழுக்கவிடும் பிடியை) அளவுக்கு மேல் இறுக்கியிருந்தேன். இப்போது பயணப்பைகளை நிறுக்கும் சிறு தொங்குதராசில் நூலைக் கட்டி இழுத்து, டிராக் 2 கிலோவுக்குள் வழுக்குமாறு வைத்துக்கொண்டே கடலுக்குப் போகிறேன். 20 இறாத்தல் லீடர் என்பது ஏறத்தாழ 9 கிலோ. அதன் நாலில் ஒரு பங்குக்குள் நிற்பது நூலுக்கும் நல்லது, முள்ளுக்கும் நல்லது. அதற்கு மேல் மீன் இழுத்தால் கயாக்கே அதன் பின்னால் போகும். தரையில் நிற்பவருக்குக் கிடைக்காத இரண்டாவது டிராக் அது.

முள்ளின் நீளத்தை இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 2/0 இன்னொரு நிறுவனத்தின் 3/0 அளவுக்கு இருக்கும். ரப்பரின் பக்கத்தில் தலையை வைத்துப் பாருங்கள். வால் துடிக்கும் வகை ரப்பராயின் முள் உடலின் நடுப்பகுதிக்கு முன்னமே வெளியே வர வேண்டும். அதைத் தாண்டினால் வால் மரத்துப்போகும். பெரும்பாலும் மூன்று அங்குலத்துக்கு 1/0 அல்லது 2/0, நான்கு அங்குலத்துக்கு 3/0 என்று அமையும். கோத்த பின் ரப்பர் கோணலாக இருந்தால் எத்தனை முறையானாலும் கழற்றித் திரும்பக் கோக்க வேண்டும். கோணல் இரை சுழலும். சுழலும் இரை பிரெய்ட் நூலை முறுக்கிவிடும். வாலை மட்டும் பிறை வடிவில் நறுக்கென்று வெட்டிக்கொண்டு போவது பேத்தை மீன். அதற்காக நீண்ட முள்ளைத் தேடிப் போகாதீர்கள். இடத்தை மாற்றுவது ஒன்றே பரிகாரம்.

வடிவத்தைப் பற்றி நிறையப் பேசலாம். எனக்குப் பயன்பட்டவை மூன்றுதான். உருண்டைத் தலை எங்கும் செல்லும். துப்பாக்கிக் குண்டுபோல் முனை கூர்ந்த தலை கடற்புல்லையும் சாதாழையையும் ஊடுருவிப் போகும். மூன்றாவது, அடியில் தட்டையாக வார்க்கப்பட்டு, மணலில் இருக்கும்போது ரப்பரை வால் மேலே நிற்கும்படி நிறுத்தும் தலை. விளைமீனுக்கு அது நல்லது. வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்திலுள்ள மணற்கல் பாரில் எந்தத் தலையும் சிக்கும், உருண்டையே அதிகம் சிக்கும், ஏனென்றால் அது வெடிப்புகளுக்குள் உருண்டு போய் இறுகும். சிக்கினால் ரொட்டை வளைத்து இழுக்காதீர்கள். நூலைக் கையால் இறுக்கிப் பிடித்து, வில்லில் நாணை விடுவதுபோல் சட்டென்று விடுங்கள். பல வேளைகளில் தலை பின்னோக்கித் துள்ளிக் கழலும். கழலாவிட்டால் துடுப்புப் போட்டு மறுபக்கம் போய், அது நுழைந்த திசைக்கு எதிராக இழுங்கள். கரையில் நிற்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. நாங்கள் இதைப் பயன்படுத்தாமல் நூலை அறுப்பது வீண். அறுத்தால் ஈயம் கடலிலேயே கிடக்கும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு.

தலையின் நிறத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. டங்ஸ்டன் உலோகத் தலைகள் ஈயத்தைவிடச் செறிவு கூடியவை. அதே எடைக்குச் சிறியதாக இருப்பதால் விரைவாக இறங்கும், கல்லை மணலிலிருந்து பிரித்துணர்த்தும். பாரிலே அடிக்கடி பறிகொடுப்பவருக்கு அவற்றின் கூடிய விலை கட்டுப்படியாகாது. சீலாவும் அறுக்குளாவும் திரியும் நாட்களில் லீடரைத் தலையோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு போய்விடும். அதற்காக இரும்புக் கம்பியைக் கட்டினால் இலகுவான தலையின் அசைவு கெட்டுவிடுவதால், ஒரு சாண் நீளத்துக்கு 40 இறாத்தல் லீடரைச் சேர்த்துக்கொண்டு, இழப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

ரப்பரைப் பிடித்து நிறுத்த முள்ளின் தண்டில் ஒரு புடைப்போ கம்பிச் சுருளோ இருக்கும். ஈயப் புடைப்பு பெரிதாக இருந்தால் மெல்லிய ரப்பரைக் கிழித்துவிடும். எனக்குக் கம்பிப் பிடிப்பே பிடித்திருக்கிறது. கோத்து முடிக்கும் இடத்தில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் ஒரு ரப்பர் பல மீன்களுக்குத் தாங்கும். இழுத்தால் நீளும் இலாஸ்டெக் வகையை மற்ற ரப்பர்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்; ஒன்றோடொன்று ஒட்டி உருகிப்போகும். கிழிந்த ரப்பர்களை நான் தண்ணீரில் எறிவதில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய பின் கரையில் குவிந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கயாக்கில் ஒரு மூடிப் போத்தல் இருக்கிறது. எல்லாம் அதற்குள் போகும்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கயாக்கில் துள்ளும் மீனை மடியில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். கரையோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். உள்ளங்கையில் ஏறிய முள்ளோடு துடுப்புப் போட முடியாது. நூலைத் தளரவிடாமல் பார்த்துக்கொண்டால், நசுக்கிய முள்ளால் எனக்கு இழப்புக் கூடியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பயன்படுத்திய தலைகளைப் புதியவற்றோடு சேர்க்காமல் நன்னீரில் கழுவிப் பழந்துணியில் பரப்பி ஓர் இரவு உலரவிடுகிறேன். உப்பு ஈரத்தோடு உள்ளே போகும் ஒரு முள் அந்த அறையிலுள்ள அத்தனை முட்களிலும் துருவை ஏற்றிவிடும். நுனியை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பேன்; வழுக்கினால் அரத்தால் இரண்டு தீட்டு. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைப்பதில்லை. புதிதாக வாங்கியவற்றில் காதுத் துளையைப் பூச்சு அடைத்திருக்கும். அதை வீட்டிலேயே ஒரு தையல் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். விடியற்காலை அரையிருட்டில், ஆடும் கயாக்கில், பல்லுக்கிடையில் நூலைக் கவ்விக்கொண்டு அந்தத் துளையைத் தேடிய காலைகளில் கயாக் பாரைத் தாண்டிப் போயிருக்கிறது.